மண்ணுக்குள் குழாய் எங்கே?

கோயம்புத்தூரில் ரோட்டைத் தோண்டாத மாதம் உண்டா? 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-ல் ஒப்பந்தம் போட்டபின் தெருத்தெருவாகக் குழாய் புதைத்தார்கள். தோண்டுகிறவருக்கு ஒரே பயம்தான்: கீழே ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ!

ஊருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்தது 1930-ஐ ஒட்டி. ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் விமானங்களுக்கான ரேடியோ திசைகாட்டியில் வேலை செய்துகொண்டிருந்தார். உலோகத் தாது உள்ள இடங்களில் கருவி தப்பாகக் காட்டியது. அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு, புதைந்த உலோகத்தைக் கண்டுபிடிக்கும் பெட்டி செய்து 1937-ல் காப்புரிமை வாங்கினார்!

இன்றைய லொக்கேட்டரில் இரண்டு பாகம். ஒன்று குழாயிலோ கேபிளிலோ சிக்னலை ஏற்றும். மற்றொன்றைக் கையில் பிடித்து நடந்தால், குழாய்க்கு நேர் மேலே சத்தம் கூடும். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் சிக்னல் ஓடாது. கூடவே ஒரு செம்புக் கம்பியையும் புதைத்திருந்தால்தான் தெரியும்.

கண்டபடி தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே சொன்னது. அதற்காகத்தான் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி வந்தது. (கம்பிச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.)

கம்பி இல்லாத இடத்தில் கடப்பாரையால் மெதுவாகச் சோதனைக் குழி போட வேண்டும். இல்லையென்றால், அன்றைக்குக் குழாய் போட்ட ஃபிட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.