போர்ன் வழக்கு

இங்கிலாந்தில் மருத்துவர்கள் கருக்கலைப்புச் செய்வதற்கு முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்புத் தேடித் தந்த வழக்கு. 1938 ஜூலையில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, சட்டவிரோதமாகக் கருவைக் கலைப்பவருக்கும் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஆயுள் தண்டனைவரை வைத்திருந்தது.

அது வளர்த்த அச்சத்துக்குக் கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் சான்று உண்டு. 1922 அக்டோபரில் அங்கே பெர்சி தாம்ப்சன் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவனுக்குப் பெர்சியின் மனைவி ஈடித் எழுதிய கடிதங்கள், கொலை வழக்கில் அவர் கணவனை நஞ்சூட்ட முயன்றதற்கு ஆதாரமாக வாசிக்கப்பட்டன. பூடகமான சில வரிகள் தன் கருவைக் கலைக்க அவர் பட்ட பாட்டையே சொல்கின்றன என்பது அவ்வழக்கைப் பற்றி நூல் எழுதிய ரெனே வைஸின் வாதம். அதை அன்று நீதிமன்றத்தில் யார் வாய்விட்டுச் சொல்வது? 1923 ஜனவரி 9இல் ஈடித் தூக்கிலிடப்பட்டார்.

1936இல் ஜேனட் சான்ஸ், ஆலிஸ் ஜென்கின்ஸ், ஸ்டெல்லா பிரவுன் முதலியோர் கருக்கலைப்புச் சட்டச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினர். இரண்டே ஆண்டில், சிப்பாய்களின் வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமிக்கு உதவி கேட்டு, டாக்டர் ஜோன் மல்லெசன் மகப்பேறு மருத்துவர் அலெக் போர்னுக்குக் கடிதம் எழுதினார். பாடிங்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஜூன் 14 அன்று போர்ன் அறுவை செய்தார். மறைக்கவில்லை; தாமே காவல்துறைக்குத் தெரியப்படுத்தி வழக்கை வலிய வரவழைத்தார்.

உயிரைக் காப்பதையும் உடல்நலத்தைக் காப்பதையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது; கருவைச் சுமந்தால் பெண் உடலாலோ மனத்தாலோ சிதைந்துபோவாள் என்று மருத்துவர் நேர்மையாகக் கருதினால் அதுவும் உயிர்காப்பே என்று நீதிபதி மாக்னாட்டன் ஜூரிக்கு விளக்கினார். ஜூரி போர்னை விடுவித்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மருத்துவரின் மனத்தையும் பெண்ணின் பணத்தையும் நம்பியிருந்தது. மனநல மருத்துவரின் சான்றை விலைகொடுத்து வாங்க முடிந்தவர்கள் தப்பினர். மற்றவர்களுக்குப் பழையபடி கள்ளத்தனமே கதி. 1967ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு மருத்துவர்கள் ஒப்பினால் போதும் என்றாக்கியது. அது போர்னுக்கே பிடிக்கவில்லை. எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

அந்தச் சட்டம் எட்டாத வட அயர்லாந்தில் 2019வரை போர்ன் தீர்ப்பே வழிகாட்டியாக நீடித்தது. இங்கிலாந்திலும் 1861இன் பிரிவு ஒழியவில்லை. தன் கருவைக் கலைக்கும் பெண்ணை அதிலிருந்து விடுவிக்கும் திருத்தத்துக்கு 2025 ஜூன் 17 அன்றுதான் மக்களவை 379–137 என்று வாக்களித்தது. இல்ஃபோர்டில் வாழும் ஈழத்தமிழர் பலர் விட்டுவந்த இலங்கையிலோ, ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டுமே இன்றும் இடங்கொடுக்கிறது.