மோரிஸ் மைனரும் மினியும்: பின்பாகத்தைப் புதுப்பிக்க இரண்டு வழிகள்

பழைய கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கு உண்டு. வாங்கப் போகிறவர்கள் போனட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள், பெயிண்டின் பளபளப்பில் மயங்குகிறார்கள். அடியில் படுத்துப் பின்பாகத்தைப் பார்ப்பவர் குறைவு. காசையும் பொறுமையையும் அதிகம் விழுங்கப்போவது அந்த இடம்தான். பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்பு உளுத்துப்போயிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தக் காரைச் சாலையில் இறக்கக் கூடாது.

இதைப் புரிந்துகொள்ள மோரிஸ் மைனரையும் மினியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை 16 லட்சம் அளவில் வெளிவந்தது. மினி 1959 ஆகஸ்டில் வந்து, 2000ஆம் ஆண்டு வரை 53 லட்சத்தைத் தாண்டியது. இரண்டுக்கும் நடுவே பதினோரு ஆண்டுகள்தான். ஆனால் பின்பாகத்தில் இரண்டும் நேரெதிர்.

கட்டமைப்பு

மைனரில் பின்பக்கத்துக்கென்று கழற்றக்கூடிய சட்டகம் கிடையாது. தரைத்தகடும் அதோடு சேர்ந்த, உள்ளே கூடான பெட்டிக்கால்களும்தான் சட்டகம். இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் அச்சைச் சுமக்கின்றன. ஒவ்வொன்றின் முன்முனையும் பின் சீட்டுப் பக்கத் தரைக்கு அடியில் உள்ள தாங்கியில் பூட்டப்பட்டிருக்கும். பின்முனை பூட் தரையருகே ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும்.

மினியில் எல்லாமே தனி. தகட்டை அழுத்திச் செய்த சப்ஃபிரேம் ஒன்று நான்கு மூலைகளில் உடலோடு போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரங்களைப் பிடிக்கும் இரண்டு கைகளும், அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அத்தனை சிறிய காரில் நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் இடம் கிடைக்க இந்த அடக்கமும் ஒரு காரணம்.

வேலைப் பங்கீடும் வேறு. மைனரின் பட்டை ஸ்பிரிங் மூன்று வேலை செய்கிறது: பாரம் தாங்குகிறது, அச்சை முன்பின் நகராமல் பிடிக்கிறது, எஞ்சினின் முறுக்கையும் எதிர்கொள்கிறது. மினியின் ரப்பர் கூம்பு பாரத்தை மட்டும் தாங்குகிறது. சக்கரத்தை அதன் இடத்தில் வைத்திருப்பது கையின் வேலை. பழுது பார்க்கும்போது எடுக்கும் முடிவுகள் பலவும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

துரு வரும் வழி

பிரிட்டனில் இந்தக் கார்களைத் தின்றது குளிர்காலச் சாலைகளில் கொட்டிய உப்பு. நம் சாலைகளில் உப்பு கிடையாது. ஆனால் கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, காற்றில் ஈரம் எப்போதும் நிற்கிறது. கிள்ளான் துறைமுகப் பக்கம் கடல்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கியவைபோன்ற கார்களின் பெட்டிக்கால்களுக்குள் நுண்சேறு தங்கிவிடும். வெளியே கழுவிய கார் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

மைனரில் துரு முதலில் கைவைப்பது ஸ்பிரிங் தாங்கியைச் சுற்றிய தகட்டில். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு ‘டிங்’கென்று ஒலிக்கும், உளுத்த இடம் மொத்தையாகச் சத்தமிடும். அங்கே ஸ்க்ரூடிரைவரை ஊன்றினால் உள்ளே இறங்கிவிடும். மினியில் சப்ஃபிரேமின் பெட்டிப் பகுதிக்குள் சேறு தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியும்போது பாதி இரும்பு போயிருக்கும்.

வேலை

மினியில் நடப்பது மாற்றும் வேலை. பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், எக்ஸாஸ்ட், அப்சார்பர்களின் மேல்முனை ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். இடப்பக்க அப்சார்பரை எட்டப் பெட்ரோல் டாங்கை நகர்த்த வேண்டும். பிறகு போல்ட்டுகளைக் கழற்றினால் சப்ஃபிரேம் முழுதாகக் கீழே இறங்கும். புதியது பிரிட்டனிலிருந்து இன்றும் வருகிறது. கையின் பேரிங்கையும் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். கிரீஸ் காணாமல் அவை தேய்ந்திருந்தால் சக்கரம் உள்ளே சாயும். பின்கூம்பு சிறிது அமுங்கினாலே சக்கரம் ஐந்து மடங்கு அளவில் நகரும். அதனால் ரப்பர் சற்றே தளர்ந்தாலும் கார் நன்றாகத் தாழ்ந்துவிடும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் முன்பக்க போல்ட்டுகள் பின் சீட்டுக்குக் கீழே நிற்கும் ஹீல்போர்டு தகட்டில் இறங்குகின்றன. துரு பிடித்த போல்ட் அங்கேயே முறிவது வழக்கம். அந்தத் தகடே உளுத்திருந்தால் புது சப்ஃபிரேமைப் பூட்ட இடமில்லை. மாற்றும் வேலை என்று தொடங்கியது வெல்டிங் வேலையாகிவிடும்.

மைனரில் முதலிலிருந்தே வெல்டிங்தான். பூட் தரைக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டாங்கைக் கழற்றி, காரைவிட்டுத் தூரமாக வைத்த பிறகே நெருப்பைத் தொட வேண்டும். கதவு இடைவெளிகளில் தற்காலிகக் கம்பி கொடுத்து உடல் தொய்யாமல் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை வெட்டி, அளந்து, ஒட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கதவு மூடாது, அச்சும் கோணிக்கொள்ளும். தகடுகளுக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர் 1990களில் இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்ய வழிசெய்தார். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கவலையே இல்லை. துறைமுக லாரிகள் ஓடும் கிள்ளானில் பட்டைகளைப் பிரித்து வளைவேற்றித் தரும் கை கிடைக்கும். மினியின் ரப்பர் கூம்புக்கு அந்த வசதி இல்லை, வரவழைத்தே ஆக வேண்டும்.

மாற்றியமைக்கும் ஆசை

பாதியாக வெட்டி வந்த கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிய அச்சும் காயில் ஸ்பிரிங்கும் பார்த்ததும் கை பரபரக்கும். மினியில் ரப்பருக்குப் பதில் காயில் வைத்தாலும் சக்கரத்தைப் பிடிக்கும் கை அப்படியே இருக்கிறது. மைனரில் பட்டையை எடுத்தால், பாரத்தைக் காயில் தாங்கினாலும், அது செய்த மற்ற இரண்டு வேலைகளுக்கும் தனியே கம்பிகள் வேண்டும். அவை இழுக்கும் இடம் அந்த விசைக்கென்று செய்யப்படாத மெல்லிய தரை. மேலும், கட்டமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. உரிமையாளர் பெயர் மாற்றும்போது நடக்கும் வாகனப் பரிசோதனையில் அடிப்பாகமும் சஸ்பென்ஷனும் சோதிக்கப்படும். அசல் அமைப்பைத் திடமாகத் திருப்பிக் கட்டுவதே இரண்டு கார்களுக்கும் நியாயம்.

எது யாருக்கு?

முதல் முறை இறங்குகிறவருக்கு, ஹீல்போர்டு திடமாக இருந்தால் மினி நல்லது. உதிரிப்பாகச் செலவு கூடும், ஆனால் வேலையின் எல்லை முன்கூட்டியே தெரியும். நம்பிக்கையான வெல்டர் பக்கத்தில் இருந்தால் மைனர் நல்லது. உதிரிப்பாகச் செலவைவிடக் கைத்திறன்தான் அதற்கு முக்கியம், அந்தத் திறன் நம் பட்டறைகளில் இருக்கிறது. மினியில் புது சப்ஃபிரேமைப் பூட்டுமுன்னும், மைனரில் வெல்டிங் முடிந்து இரும்பு ஆறிய பிறகும், பெட்டிகளுக்குள் துருத்தடுப்பு மெழுகு பாய்ச்சி, வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள். புதுப் பாகம் எவ்வளவு உறுதியானது என்று விசாரிப்பதைவிட, அதைப் பிடித்துக்கொள்ளப்போகும் பழைய இரும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று தட்டிப் பாருங்கள். விலை பேசுவது அதன் பிறகு இருக்கட்டும்.