வாசலில் நிற்கும் காவற்காரன்

நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் மழையையும் காய்கறி விலையையும் பற்றிப் பேசி முடித்ததும், பேச்சு இன்டர்நெட் வேகத்துக்கு வந்துவிடுகிறது. "300 மெகாபிட் என்று சொல்லித்தான் பைபர் லைன் போட்டான், அளந்து பார்த்தால் 100 கூடத் தேறவில்லை" என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே எல்லாருமாகச் சேர்ந்து இணைப்புக் கொடுத்த கம்பெனியைத் திட்டுவார்கள். கம்பெனிக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் சில வீடுகளில் குற்றவாளி கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வருஷா வருஷம் சம்பளம் கொடுப்பதும் நாம்தான். ஆன்டிவைரஸ் என்பது அவன் பெயர். அவன் இந்த உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்த கதை, நாவலாசிரியன் எவனும் பொறாமைப்படக் கூடியது.

ஆதியில் கள்ளனும் காவலனும் விளையாட்டுப் பிள்ளைகளாகவே இருந்தார்கள். 1971-இல் அமெரிக்காவில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் பாப் தாமஸ் என்பவர், யந்திரம் விட்டு யந்திரம் தாவும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதினார். அதற்கு 'க்ரீப்பர்' என்று பெயர். முடிந்தால் என்னைப் பிடி என்று சவால் விட்டதைத் தவிர அது வேறு கெடுதல் செய்யவில்லை. அதைத் துரத்தி அழிப்பதற்காக 'ரீப்பர்' என்ற இன்னொன்றை ரே டாம்லின்சன் எழுதினார். ஒரு யந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு முதல் இ-மெயிலை அனுப்பியவரும் அவரே.

உண்மையான கதை 1986-இல் லாகூரில் தொடங்குகிறது. பாஸித், அம்ஜத் என்று இரண்டு சகோதரர்கள். ஃபாரூக் ஆல்வி குடும்பத்துப் பிள்ளைகள். வைத்தியர்களுக்கான மென்பொருள் எழுதி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைப் பலர் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொள்ளவே, கள்ளப் பிரதியைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் செய்ததாகப் பின்னால் சொன்னார்கள். அந்தத் தந்திரந்தான் ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களைத் தொற்றிய முதல் வைரஸான 'ப்ரெய்ன்'. வேடிக்கை என்னவென்றால், கள்ளச்சாவி செய்தவன் அதில் தன் பெயரைப் பொறித்துக் கொடுத்ததுபோல, வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிவைத்து, தடுப்பூசிக்கு எங்களை அணுகவும் என்றும் சேர்த்திருந்தார்கள்! பிளாப்பி தட்டுகளில் ஏறிய அந்த ஜந்து கடல் தாண்டிப் போயிற்று. முன்பின் தெரியாத தேசங்களிலிருந்தெல்லாம் லாகூர் வீட்டுக்கு டெலிபோன் வந்தது.

அது செய்த தீமைதான் என்ன? தட்டு ஓடும் வேகத்தைக் குறைத்தது. கொஞ்சம் ஞாபக இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நோயின் லட்சணமாக இருந்தது இன்று மருந்தின் லட்சணமாக இருக்கிறது.

மருந்துக்கடைகள் மறு வருஷமே திறந்துவிட்டன. 1987-இல் ஜான் மக்கஃபி கம்பெனி ஆரம்பித்தார். 1992 மார்ச் 6 அன்று 'மைக்கலாஞ்சலோ' வைரஸ் விழித்தெழும், 50 லட்சம் யந்திரங்கள் வரை பாழாகலாம் என்ற பேச்சு அவர் பெயரால் உலகமெல்லாம் பரவிற்று. அந்த நாள் வந்தது, போயிற்று. சேதம் சில ஆயிரங்களோடு நின்றது. தடுப்பு மென்பொருளின் விற்பனைதான் அமோகமாக நடந்தது.

அப்போதும் அவன் பெரும்பாலும் கூப்பிட்டால் வருகிற காவற்காரனாகவே இருந்தான். தட்டைச் செருகி, சோதித்துப் பார் என்றால் பார்ப்பான். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்ற காதல் கடிதம் உலகத்து அலுவலகங்களை முடக்கிய பிறகு, கூப்பிடும்வரை காத்திருக்கலாகாது என்பது எல்லாருக்கும் புலப்பட்டது. காவற்காரன் வாசலிலேயே நிரந்தரமாக நின்றுவிட்டான். உள்ளே நுழைகிற ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து, தன்னிடமுள்ள கேடிகளின் ஜாபிதாவோடு ஒத்துப் பார்ப்பதே அவனுக்கு வேலை.

அதனால் நேர்ந்த தாமதம் அன்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் டெலிபோன் கம்பி. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். பிறகு வந்த நல்ல மோடம்கூட அதிகபட்சம் 56 கிலோபிட். விநாடிக்கு 7 கிலோபைட். 5 மெகாபைட் பாட்டு ஒன்று வந்து சேர ஏறக்குறைய 12 நிமிஷம். மணிக்கு ஒரு மூட்டை வருகிற வாசலில் காவற்காரன் எவ்வளவு சாவகாசமாகச் சோதித்தால்தான் என்ன? இன்று 1,000 மெகாபிட் பைபரில் விநாடிக்கு 125 மெகாபைட் கொட்டுகிறது. மூட்டைகள் வாசலில் குவிகின்றன. தெரு அகலமாகிவிட்டது, திட்டிவாசல் மாறவில்லை.

போதாக்குறைக்கு உறை ஒட்டிய கடிதங்கள் வந்தன. முன்பெல்லாம் இணையப் பக்கங்கள் தபால் கார்டு மாதிரி, யாரும் படிக்கலாம். 2013-இல் ஸ்னோடன் வெளியிட்ட ரகசியங்களுக்குப் பிறகு சங்கேதத்தில் மூடி அனுப்புகிற வழக்கம் வேகமாகப் பரவி, 2017 வாக்கில் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் அப்படியே வரலாயின. காவற்காரன் விடுவானா? தானே ஒரு முத்திரை தயாரித்து யந்திரத்தில் பதித்துக்கொண்டு, உறையைப் பிரித்து, படித்து, தன் முத்திரை வைத்து மறுபடி ஒட்டிக் கொடுக்கிறான் — யுத்த காலத்துத் தணிக்கை அதிகாரிபோல. எல்லாரும் இப்படிச் செய்வதில்லை; செய்கிறவர்களிடத்தில்தான் வேகம் மிகவும் அடிபடுகிறது. இதைவிடக் கவலை தருவது 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி. பிரித்து ஒட்டும் தடுப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவை, மறுபடி ஒட்டும்போது முதலில் இருந்ததைவிட மட்டமான பசையையே உபயோகிக்கின்றன என்று அது காட்டிற்று.

அதற்காக ஆளையே வேலையை விட்டுத் துரத்த நான் சொல்லமாட்டேன். கேடிகள் பெருகித்தான் இருக்கிறார்கள். என் வீட்டு யந்திரத்தில் இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு, கோப்புகளைப் பார்க்கும் காவலை விட்டுவைத்தேன். 90-ல் நின்ற முள் 280-க்குப் போயிற்று. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அந்த யந்திரங்களோடு ஒரு காவற்காரன் சம்பளமில்லாமலே வருகிறான் என்பதையும் நினைத்துக்கொண்டேன். வருஷச் சந்தா கேட்டு வந்த கடிதம் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது.

லாகூர் சகோதரர்களைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. 2011-இல், பின்லாந்து தேசத்து வைரஸ் நிபுணர் மிக்கோ ஹிப்போனன், வைரஸுக்குள் எழுதியிருந்த பழைய விலாசத்தைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார். அங்கே அதே சகோதரர்கள் இருந்தார்கள். அப்போது அவர்கள் நடத்திக்கொண்டிருந்த தொழில், ஊராருக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது.