கோடு கிழித்தால் களம்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், வரலாறாக இருந்தால் நல்லது என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். நெய்வேலி வரலாறு என்றால் பழுப்பு நிலக்கரிதான் முதலில் வரும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது, 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது, 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது எல்லாம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆகவே வேறொரு வரலாற்றைத் தொடுகிறேன். அது சடுகுடுவின் வரலாறு. அதை எனக்குக் காட்டியவன் நம் கல்லூரித் தோழன் ஒருவன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடிக்க வருவான்.

1986-ல் நான் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் சென்னையிலிருந்து குடிவந்த புதுசு. எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். அந்தச் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் சமனில் முடிந்ததும், ஏதோ நானே விளையாடியது போல ஒரு மாதம் அளந்துகொண்டிருந்தேன்.

விளையாட்டுக்கு ஒதுக்கிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்று மாணவர் கூட்டம் நடந்தது. கபடி அணிக்குப் பனியன் வேண்டும் என்று நம் தோழன் எழுந்து கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "கோடு கிழிச்சு மூச்சைப் பிடிச்சு ஓடுறதுக்கு எதுக்குடா காசு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பணம் கிரிக்கெட் மட்டைக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் அவன் என் தோளில் கை போட்டு, "பொங்கலுக்கு எங்க ஊருக்கு வா. பாத்துட்டு அப்புறம் பேசு" என்றான்.

1987 காணும் பொங்கல் அன்று டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி மிதிவண்டியில் போனேன். செம்மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தூளில் கோடுகள். நான்கு கம்பங்களில் டியூப் லைட். காலரி கிடையாது, டிக்கெட் கிடையாது. கோட்டை ஒட்டியே ஜனம் உட்கார்ந்திருந்தது.

முதல் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போனான். ஏழு பேர் அவன் மேல் விழுந்தார்கள். ஆள் அவுட் என்று நினைத்து நான் கை தட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கையப் பாரு தம்பி!" குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. மூச்சு அறுபடவில்லை. பிடித்தவர்கள் எல்லோரும் அவுட்!

வெளியே போய் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே வந்தது அடுத்த குழப்பம். "அவன்தான் அவுட் ஆயிட்டானே தாத்தா?" என்றேன். "நம்ம ஆளு அங்க ஒருத்தன எடுத்துட்டான்ல? இவனுக்கு உயிர் வந்துடுச்சு" என்றார் சாதாரணமாக.

இந்த 'உயிர்' விஷயத்துக்கு ஒரு வரலாறே உண்டு என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நாம் சடுகுடு என்பதை ஆந்திரத்தில் செடுகுடு என்றும், மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும் ஆடினார்கள். ஊருக்கு ஒரு விதி. அவுட் ஆனவன் உயிர் பெற்றுத் திரும்புவது சஞ்சீவனி. அணி முழுதும் அவுட் ஆகும் வரை வெளியிலேயே இருப்பது காமினி. அவுட் ஆனாலும் களத்தை விட்டுப் போகாமல் புள்ளி மட்டும் கொடுப்பது அமர். 1920களில் மராட்டியத்தில் விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி உடற்பயிற்சிக் கழகத்தார் அங்கே ஆடிக் காட்டினார்கள். 1950-ல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. பொது விதியாக நிலைத்தது சஞ்சீவனி முறைதான். போனவன் திரும்பி வரலாம் என்ற முறை.

அன்றைய இறுதி ஆட்டத்தில் நம் தோழன் கடைசி ஆளாக நின்றான். ஆறு பேரும் வெளியே. பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினான். இரண்டு உயிர் வந்தது. ஆனாலும் தோற்றார்கள். பழைய கிழிசல் பனியனோடு மண் அப்பிப்போய் வெளியே வந்தவனைப் பார்த்தபோது, கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பி வந்தது.

அந்தப் பெரியவர் அவனுடைய தாத்தா என்று அப்புறம்தான் தெரிந்தது. தூரத்தில் தெரிந்த சுரங்க விளக்குகளைக் காட்டிச் சொன்னார்: "எங்க பழைய ஊரு அங்கதான் இருந்துச்சு. நாங்க ஆடுன திடல், கோயில், ஏரி எல்லாம் இப்ப சுரங்கம். ஊர எடுத்துக்கிட்டு வர முடியல. இத எடுத்துக்கிட்டு வந்தோம். கோடு கிழிச்சா களம்தானே தம்பி?"

எந்தக் கோட்டைச் சொல்லி நான் சிரித்தேனோ, அதே கோடு! ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள் மட்டையையும் மைதானத்தையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. மூச்சையும் ஒரு கோட்டையும் கொண்டுவரலாம். டவுன்ஷிப்பில் பல மாநிலத்துக்காரர்களும் வந்தேறிகள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து ஊர்க்காரர்களும் பெயர்ந்து வந்தவர்கள்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன்பின் நடந்ததை உலகமே பார்த்தது. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி சேர்க்கப்பட்டது. இந்தியா தங்கம் வென்றது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் நம் தென்மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு. 2010-ல் பெண்கள் கபடியும் ஆசியப் போட்டிக்குள் வந்தது. 2018-ல் ஈரான் இரண்டு தங்கத்தையும் பறித்தது. 2023-ல் ஹாங்சோவில் நாம் இரண்டையும் மீட்டோம். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். கண்ணகி நகரும் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்திய பகுதிதான். செய்தியைப் படித்ததும் தாத்தாவின் நினைவு வந்தது.

இன்றைய மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தெரியாத விளையாட்டைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒரு முறை கோட்டோரம் போய் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் மீதியைச் சொல்லித் தருவார்.

இந்தச் சந்திப்புக்கு நம் தோழனும் வருவதாகக் கேள்வி. அன்று இரவு அவன் வீட்டில் பொங்கலும் கரும்பும் சாப்பிட்டேனே தவிர, "மன்னிச்சிக்கடா" என்று சொல்லவில்லை. இத்தனை வருடமும் சொல்லவில்லை. இந்த முறை சொல்லிவிடுவேன். கையில் ஒரு பனியனும் கொண்டு வருகிறேன். அளவுதான் தெரியவில்லை, இப்போது அவனுக்குப் பெரிய சைஸாகத்தான் வேண்டியிருக்கும்.