பாறைக்குள்ளிருந்து வரும் நீர்

வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையின் இருமருங்கிலும் புதிய வீடுகள் எழுந்துகொண்டேயிருக்கின்றன. வீடு முடியும் தறுவாயில் ஒரு கேள்வி வருகிறது: வீடு முழுமைக்குமாக எந்த வடிகட்டியைப் பொருத்துவது? கடைகளில் இதற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வடிகட்டியும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், குறிப்பிட்ட ஓர் அழுக்கை நீக்குவதற்காகத் தோன்றியது. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், நம் வீட்டுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது ஓரளவு தெளிவாகும்.

நம் முன்னோர் அஞ்சிய அழுக்கு கலங்கல். ஆறும் ஏரியும் ஊற்றுமே குடிநீர் தந்த காலத்தில், மழைக்குப் பின் வரும் சேற்று நீரைத் தெளியவைப்பதே முதல் வேலை. தேற்றாங்கொட்டையை மண்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றிவைத்தால், அதிலுள்ள பொருள்கள் சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து அடியில் படியச் செய்யும். இவ்வழக்கம் கலித்தொகையில் உவமையாகவே வந்துவிடுகிறது என்றால், அன்றைய இல்லங்களில் அது எவ்வளவு இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சம் கிருமியின் பக்கம் திரும்பியது. 1829இல் லண்டனின் செல்சீ நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் மணல் வடிகட்டியை அமைத்தபோது, அவர் நோக்கமும் கலங்கலை நீக்குவதே. அந்த மணல் காலராவையும் தடுக்கும் என்பது பின்னர்தான் விளங்கிற்று. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பல்லாயிரவரைத் தாக்கியது. அதை ஒட்டியிருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே எல்பே ஆற்று நீரைத்தான் எடுத்தது. எனினும் மணலில் வடிகட்டி வழங்கியதால் பெரும்பாலும் தப்பித்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் மணல் வடிகட்டிகள் அமைந்தது இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே எனலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நீரில் மிதக்கும் அழுக்கைப் பற்றியவை. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் கதை இங்கே வேறு பாதையில் திரும்புகிறது.

1966-67இல் பீகாரில் கடும் வறட்சி நேர்ந்தது. அதையொட்டி, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மேல்மண் நீரில் இருந்த கிருமிகளுக்குப் பாறைக்குள்ளிருக்கும் நீரே மாற்று என்று அப்போது நம்பப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்தத் தொழில் நம் திருச்செங்கோட்டில் வேரூன்றியது. இன்று அவ்வூர் ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் மட்டுமன்றி, ஆப்பிரிக்க நாடுகளிலும் துளையிடுகின்றன. வசிஷ்ட நதி வறண்டு, திறந்த கிணறுகளின் நீர் கீழே இறங்க இறங்க, வாழப்பாடி வட்டாரமும் போர்வெல்லை நாடியது.

பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் பாறையின் தாதுக்கள் அதில் கரைந்திருக்கும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் ஏறும், ஹீட்டர் கெடும். சில பாறைகளிலிருந்து ஃபுளோரைடும் கரையும். அது பல்லையும் எலும்பையும் சிதைக்கும் என்பதை, நெல்லூர்ப் பகுதி ஆய்வின் வழியே 1937இலேயே சென்னை மாகாண மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அருகிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இச்சிக்கலைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

கரைந்ததை நீக்க வேறு கருவிகள் வேண்டியிருந்தன. 1905இல் ராபர்ட் கான்ஸ் என்ற ஜெர்மானியர், கடினத் தன்மை தரும் உப்புகளைச் சோடியத்துக்கு மாற்றிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். இன்று வீடுகளில் வைக்கும் 'சாஃப்ட்னர்' அதன் வழித்தோன்றல். அடுத்து, 1960இல் கலிஃபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும், நீரை விட்டு உப்பைத் தடுக்கும் படலத்தை உருவாக்கினர். இதுவே ஆர்.ஓ. முதலில் கடல்நீரை மனத்தில் வைத்துச் செய்தது, 1965இல் கோலிங்கா என்ற ஊரின் உவர்நீருக்குப் பயன்பட்டது. ஒரு காலத்தில் குடிநீரை ரயிலில் தருவித்துக்கொண்ட ஊர் அது. 'உப்புத் தண்ணீர்', 'நல்ல தண்ணீர்' என்று இரண்டு வைத்துப் புழங்கும் நமக்கு அந்த ஊரின் நிலை எளிதில் விளங்கும்.

ஆகவே, கருவிக்கு முன் நீரை அறிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம், கடினத் தன்மை 200, ஃபுளோரைடு 1 என்பவை ஏற்கத்தக்க அளவுகள். வேறு நீர் இல்லாதவிடத்து இவை முறையே 2000, 600, 1.5 வரை அனுமதிக்கப்படுகின்றன. மண்ணும் துருவும் வந்தால் நுழைவாயிலில் மணல் வடிகட்டி போதும். கடினத் தன்மை மிகுந்தால் குளிக்கவும் துவைக்கவும் சாஃப்ட்னர் உதவும். அது உப்பைக் குறைப்பதில்லை, ஃபுளோரைடையும் நீக்குவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும், தேவையிருந்தால், சமையலறையில் ஆர்.ஓ. வைக்கலாம். மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வரும் வீடுகளில் குடிநீருக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. கிருமிக்குக் கொதிக்கவைத்தலே போதும்.

வீடு முழுமைக்கும் ஆர்.ஓ. வைக்க நாம் தயங்குவதற்குக் காரணம் விலை மட்டுமன்று. சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நீர் தர ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. பக்கத்து வீட்டுத் துளையும் பக்கத்துப் பாக்குத் தோப்பின் துளையும் தொடுகிற அதே பாறை இடுக்கிலிருந்து அந்த மூன்று லிட்டரும் எடுக்கப்படுகின்றன. பிறகு அவை கூடுதல் உப்போடு மண்ணுக்குத் திரும்புகின்றன. சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீரும் அவ்வாறே. கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்தது இதனை எண்ணியே. ஒரு வீட்டின் தூய்மை அடுத்த வீட்டின் உவர்ப்பாகும்போது, அதைத் தூய்மை என்று சொல்வது கடினம்.

2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை நாம் வீட்டு வரைபடத்தில் ஒரு கோடாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். கூரையில் விழும் மழையில் கால்சியமும் மிகக் குறைவு, ஃபுளோரைடும் மிகக் குறைவு. மணலும் கரியும் இட்ட ஒரு தொட்டியில் வடிகட்டி அதைத் துளைக்குள் விட்டால், பாறைநீரின் உப்பு காலப்போக்கில் நீர்த்துப்போக வழியுண்டு. வடிகட்டி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்குச் செலவிடுவதே தகும் என்பது நம் கருத்து.