பீர் ஆலைக்காரர் தந்த மச்சகன்னி

ஆண்டர்சனின் மச்சகன்னி கதையை 'லா பெத்தித் சிரேன்' என்று பிரெஞ்சில் படித்தவன் நான். கோபன்ஹேகன் துறைமுகத்தில் அவளுக்குச் சிலை இருப்பது பலருக்கும் தெரியும். அதற்குப் பணம் கொடுத்தவர் கார்ல் ஜேக்கப்சன். இவருடைய தகப்பனார் 1847-இல் தொடங்கிய பீர் ஆலைதான் கார்ல்ஸ்பெர்க். மகன் பெயரையே அதற்கு வைத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

1909-இல் அக்கதையை நாட்டிய நாடகமாகப் பார்த்து மயங்கிய கார்ல், சிற்பி எட்வர்ட் எரிக்சனிடம் சொல்லிச் சிலை செய்வித்து ஊருக்குக் கொடுத்தார். உடலுக்கு மாதிரியாக இருந்தவர் சிற்பியின் மனைவி. திறப்பு, 1913 ஆகஸ்ட் 23.

பீர் விற்ற லாபத்தில் அந்த ஊருக்கு ஒரு சிலையாவது கிடைத்தது. நம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். மச்சகன்னி படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன.