திருச்சிராப்பள்ளி – பலாலி வான்வழி

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பலாலி விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 185 கி.மீ. ஆகும். இடையில் இருப்பது தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் வயல்வெளியும் பாக்கு நீரிணையும் மட்டுமே. தொலைவு மாறாதது. ஆனால் பயண நேரம் காலத்திற்குக் காலம் பெரிதும் மாறி வந்துள்ளது.

தொடக்கம்

பலாலியின் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரச வான்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அப்போது அழைக்கப்பட்ட இந்நிலையத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. பின்னர் திருச்சிக்கும் சேவை நடைபெற்றது. அக்காலத்தில் பயன்பட்டவை டகோட்டா வகை விமானங்கள்.

துண்டிப்பு

உள்நாட்டுப் போர் மூண்டதும் இவ்வழி அடைபட்டது. பலாலி படைத்தளமாயிற்று. 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது வீடுகளும் தோட்ட நிலங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. போருக்குப் பின் அந்நிலங்களில் ஒரு பகுதியே படிப்படியாக விடுவிக்கப்பட்டது.

இக்காலத்தில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது ஏறத்தாழ 420 கி.மீ. பின்னர் அங்கிருந்து வடக்கு நோக்கிச் சாலை வழியாகச் சுமார் 400 கி.மீ. திரும்பி வர வேண்டும். அதாவது 185 கி.மீ. தொலைவுக்கு 800 கி.மீ.க்கு மேல் பயணம். 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது அந்தத் தரைவழியும் இல்லாமற் போயிற்று.

மீள்திறப்பு

இந்திய அரசின் உதவியுடன் சீரமைக்கப்பட்ட பலாலி, 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ நிறுவனம் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடிச் சேவையைத் தொடங்கியது.

பயண நேரம்

இச்சேவைக்கு உரிய ஏடிஆர் வகை விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. கணக்குப்படி 185 கி.மீ. கடக்க 22 நிமிடமே போதும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் எனக் காட்டும். நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது, மீண்டும் நிற்கும் இடத்தை அடைவது ஆகிய அனைத்தும் அதில் சேரும். முழு வேகத்தில் பறப்பது இடையில் சிறிது நேரமே. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகார நேரம் ஒன்றே என்பதால் புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும்.

போர்க் காலத்தில் ஒரு நாளை விழுங்கிய, சில வேளைகளில் இயலாமலே போன பயணம் இன்று ஒரு மணி நேரத்திற்குள் அடங்குகிறது. விமானத்தின் வேகம் கூடியதைவிட, அடைபட்ட வழி திறந்ததே இதற்கு முதற்காரணம்.